ஏரி யார் பேரில் இருக்கிறது?

"வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது" என்று என் வயதுக்காரர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரயில் விட்டான், கால்வாய் வெட்டினான், ரெக்கார்டு எழுதி வைத்தான் என்பார்கள். எதிர்த்தரப்பும் உண்டு. சுரண்டிக்கொண்டு போனான், நம்மைப் பிரித்து வைத்தான், பஞ்சத்தில் சாக விட்டான் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் டில்லி, லண்டன் என்று பெரிய இடமாகவே பேசுகிறார்கள். ஒரு சின்ன இடத்தை எடுத்துப் பார்த்தால்தான் அந்த ஆட்சி எதை மாற்றியது, எது இன்றைக்கும் மாறாமல் நிற்கிறது என்பது விளங்கும். நான் எடுத்துக்கொள்வது பழவேற்காடு ஏரியை. வருவாய்த்துறையில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், அந்தக் குப்பங்களையும் அவற்றைப் பற்றிய பதிவேடுகளையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

பழவேற்காடு என்றதும் எல்லோரும் டச்சுக்காரர்களைச் சொல்வார்கள். 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை, மண்டை ஓடு செதுக்கிய கல்லறைகள், எல்லாம் சுற்றுலாப் புத்தகத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் உத்தமர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். 1795-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1806-ல் கோட்டையைத் தகர்த்தார்கள். நடுவில் 1818-ல் டச்சுக்காரர் கைக்குத் திரும்பிப் போய், 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் ஊரின் மதிப்பே இறங்கிவிட்டது. சென்னைப்பட்டினம் இருக்கும்போது இன்னொரு துறைமுகம் எதற்கு? பழவேற்காட்டின் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு உலகம் முழுக்கப் பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கிளாஸ்கோ பக்கத்துத் தறிகளில் அதே போல நெய்து 'புல்லிகேட்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே விற்றார்கள். பெயர் அங்கே போனது, தறி இங்கே படுத்தது.

இதெல்லாம் ஊருக்கு வந்த இழப்பு. ஏரியை நம்பி இருந்த குப்பங்களுக்கு வந்தது வேறு. அது உப்பில் தொடங்கியது.

மீன் பிடிப்பவனுக்கு உப்பு என்ன என்பது கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் பெட்டி இல்லாத காலம். காலையில் வலையில் விழுந்த மீன் மாலைக்குள் விற்க வேண்டும், இல்லாவிட்டால் கருவாடாக வேண்டும். உப்பு மலிவாக இருந்தால் மீனவன் விலை பேசலாம். உப்பு கிடைக்காவிட்டால் வியாபாரி சொன்னதே விலை. ஏரிக்கரையில் கோடையில் தண்ணீர் வற்றினால் உப்பு தானாகப் பூக்கும். தெற்கே எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் உப்பளங்கள். உப்பு நடுவே உட்கார்ந்திருந்த ஜனங்கள் அவர்கள்.

1805-ல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அன்றிலிருந்து கரையில் பூத்த உப்பை அள்ளினால் அது திருட்டு. பூத்த உப்பை மண்ணோடு கலைத்து அழிப்பது உப்பு இலாகா சிப்பந்தியின் உத்தியோகம். வரி ஏறிக்கொண்டே போனது. 1888-ல், சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு வரி மட்டும் 2 ரூபாய் 8 அணா. உப்பு விளைவிக்க ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். வரி கட்டிய உப்பை வாங்கிக் கருவாடு போட்டால் மீன் விலையை விட உப்பு விலை கூடிவிடும். அதனால் உவர்மண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். உப்பே இல்லாமல் மணலில் காயவைத்தார்கள். மழை வந்தால் புழுத்துப்போகும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. மீன்களைப் பற்றி ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய அதிகாரியே 1873-ல் எழுதிய அறிக்கையில், உப்பு வரி மீன் பதனிடும் தொழிலை அழுத்துகிறது என்று சொன்னார். அதன் பிறகுதான் கரையோரம் வேலி அடைத்து மீன் பதனிடும் யார்டுகள் வைத்தார்கள். மீனை அங்கே கொண்டுபோக வேண்டும். சிப்பந்தி எடை பார்த்து வரியில்லாத உப்பைக் கொடுப்பான். அங்கேயே போட்டு அங்கேயே காயவைக்க வேண்டும். கையில் ஒரு பிடி உப்போடு வெளியே வந்தால் வழக்கு. சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டு வாசலில் பூத்ததை எடுத்துத் தன் வீட்டு முற்றத்தில் கருவாடு போட்ட பெண், இப்போது வேலிக்குள் வரிசையில் நிற்கிறாள். தனக்கு இருந்ததைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தைச் சலுகையாகத் திருப்பித் தருகிறது. இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இதுதான் பிறகு தண்ணீருக்கும் நடந்தது.

உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. 1930-ல் தண்டியும் வேதாரண்யமும் நடந்ததால் அந்தக் கதை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. தண்ணீர்க் கதை எந்தப் பாடத்திலும் இல்லை.

செங்கல்பட்டு ஜில்லாவில் 1802-ல் ஜமீன் முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள், அது சரிப்பட்டு வரவில்லை. பிறகு ரயத்துவாரி. சங்கிலி போட்டு அளந்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சர்வே நம்பர் கொடுத்து, அதற்கு எதிரே பட்டாதாரர் பெயரை எழுதினார்கள். இதை எழுதிவைத்தது நல்ல காரியம்தான், அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் நானும் சோறு தின்றேன். ஆனால் அளக்க வந்தவர்கள் தேடியது வரி கட்டக்கூடிய மண்ணை. ஏரித் தண்ணீரில் யார் எங்கே வலை கட்டுகிறார்கள் என்று எந்தக் கலத்திலும் எழுத இடமில்லை. பட்டா இல்லாதது எல்லாம் புறம்போக்கு.

இத்தனைக்கும் ஏரியில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் பக்கம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்கள் இன்னின்னவை என்று ஊருக்குத் தெரியும். எல்லா இடமும் ஒரே மாதிரி வருமானம் தராது. அதனால் ஊர் கூடி, குலுக்கல் போட்டு, சுத்து வலை வைத்திருப்பவர்களுக்கு முறை பிரித்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். பாட்டில் இடம் வேண்டுமானால் ஊரின் தலைக்கட்டாக இருக்க வேண்டும். வெளியாள் பணத்தோடு வந்து நல்ல இடத்தை வளைத்துப் போட முடியாது. எத்தனை வலை, யார் முறை, தகராறு வந்தால் யார் தீர்ப்பது எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கலெக்டர் கச்சேரியில் இல்லாத பதிவேடு அவர்கள் தலைக்குள் இருந்தது.

1905-ல் ஒரு சட்டம் வந்தது. சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், அந்த ஆண்டின் மூன்றாவது சட்டம். வருவாய்த்துறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் 'பி மெமோ' என்றால் தெரியும். அந்த பி மெமோவுக்குத் தாய் இந்தச் சட்டம்தான். இதன் இரண்டாவது பிரிவு ஒரு நீண்ட பட்டியல் போடுகிறது. பொதுச் சாலை, தெரு, சந்து, கடலின் அடிநிலம், துறைமுகம், கழிமுகத்து ஓடை, ஆறு, ஏரி, குளம், கால்வாய், நிற்கும் தண்ணீர், ஓடும் தண்ணீர், தனியாருக்குச் சொந்தம் என்று சட்டப்படி சொல்ல முடியாத நிலம், இவை அத்தனையும் சர்க்காரின் சொத்து. ஒரே பிரிவில், ஒரே மூச்சில். பழவேற்காடு ஏரியின் தண்ணீருக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் எழுதியாகிவிட்டது. ஏரியில் வலை கட்டியவனை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அதே பிரிவின் கடைசியில், சட்டப்படி நிலைத்திருக்கும் வழக்காற்று உரிமைகளுக்கு உட்பட்டே இந்தச் சொத்துரிமை என்றும் எழுதியிருக்கிறது. அதாவது வெள்ளைக்காரன் சட்டமே பாடு போன்ற உரிமைக்கு ஒரு வாசலை விட்டு வைத்திருந்தது. ஆனால் அந்த வாசலுக்குள் போக ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் காகிதம். காகிதம் எழுதுகிறவர்கள் எழுதவில்லை. நிலத்துக்கு 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா என்று மூன்று எழுதிய இலாகா, தண்ணீர் உரிமைக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்று ஆனது.

அந்தக் காலத்தில் வேறு வழியே தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். சர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அந்த வேலைக்குப் போட்டார்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கு நம் நாட்டில் வித்திட்ட அறிக்கையை எழுதியவர் அவர்தான். அதே 1905-ல்தான் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியைத் தொடங்கி வைத்தார். மீனவர் மேல் அக்கறை உள்ள மனிதர். ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பார்த்து 1907-ல் அறிக்கையும் வெளியிட்டார். அந்த ஜப்பானில் என்ன நடந்திருந்தது? 1901-ல் போட்ட மீன்பிடிச் சட்டத்தில், கரையை ஒட்டிய நீர்ப்பரப்பில் மீன் பிடிக்கும் உரிமையை அந்தந்தக் கிராமத்து மீனவர் சங்கத்தின் பேரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷ இடைவெளியில் இரண்டு சட்டம். அங்கே தண்ணீர் கிராமத்தின் பேரில், இங்கே சர்க்கார் பேரில். அங்கே இருந்தது சொந்த அரசு, இங்கே இருந்தது அந்நிய அரசு. நிக்கல்சன் நல்லவர் என்பதால் மட்டும் இந்த வித்தியாசம் மறைந்துவிடாது.

நல்லதும் நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1897-ல் வந்த இந்திய மீன்பிடிச் சட்டம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. அது வேண்டிய சட்டம். பக்கிங்காம் கால்வாயையும் சொல்வார்கள். 1806-ல் காக்ரேன் கால்வாயாகச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கி, ஏரி வழியாக வடக்கே நீண்டு, கடைசியில் 420 கிலோமீட்டர் ஆனது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகில் பேசின் பிரிட்ஜுக்கு வந்தன. படகுக்காரர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டியது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கால்வாயைப் புகழலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாடு முறை எல்லோருக்கும் நியாயம் செய்ததா? இல்லை. அது பட்டினவர் குப்பங்களுக்குள் இருந்த நியாயம். பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் முறை கிடையாது. ஏரியை நம்பிய மற்ற ஏழைச் சாதிகளுக்கும் கிடையாது. இதை வைத்துத் தகராறுகள் நடந்திருக்கின்றன, நியாயமான தகராறுகள்தான். பழைய முறை என்பதாலேயே அதைத் தூக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் சர்க்கார் ஏரியைத் தன் பேரில் எழுதிக்கொண்டபோது இருளருக்கு ஒரு பங்கு எழுதிக் கொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. இருந்தவர்களிடமிருந்து எடுத்தது, இல்லாதவர்களுக்குக் கொடுக்கவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து மனு எழுத வைத்தது. அதைச் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, அவன் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். 1905 சட்டம் போகவில்லை. 'சென்னை' என்ற சொல்லுக்குப் பதில் 'தமிழ்நாடு' என்று போட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கும் ஏழாவது பிரிவில் நோட்டீஸ், ஆறாவது பிரிவில் அகற்றல். தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குப்பத்துக்காரன் பட்டா கேட்டால் 'கடல் புறம்போக்கு, ஏரி புறம்போக்கு' என்று பதில் எழுதும் வழக்கமும் போகவில்லை.

ஒரு முறை மனு விசாரணைக்குப் போன இடத்தில் ஒரு குப்பத்துப் பெரியவர் என்னிடம் கேட்டார். "சார், நிலத்துக்காரனுக்கு நிலத்துல பட்டா குடுக்கறீங்க. எனக்கு இந்தத் தண்ணிதான் நிலம். இதுக்கு என்னா குடுப்பீங்க?" ரெவின்யூ ஸ்டாண்டிங் ஆர்டரில் அதற்குப் பதில் கிடையாது.

சொந்தக்காரர் சர்க்கார் என்று எழுதியிருப்பதால், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெரிய காரியத்துக்கும் ஏரியும் கரையும் 'காலி இடம்' போலத் தெரிந்தன. 1969-ல் ராக்கெட் ஏவ ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டுக்குப் பெருமை, எனக்கும் பெருமைதான். அங்கிருந்த யானாதிகளும் மற்றவர்களும் இடம் பெயர்ந்தார்கள். ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்துக் குப்பங்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். 1980-ல் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆனது. பூநாரை வரட்டும், நல்லதே. தெற்கே எண்ணூரில் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தன, பிறகு காட்டுப்பள்ளி. இப்போது 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டார்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. மணல் தீவு அரிக்கப்பட்டால் கடல் ஏரிக்குள் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். அதே சமயம் முகத்துவாரம் தூர்ந்து போனால் அதைத் திறந்துவிடச் சொல்லி மனு எழுதுவதும் அவர்கள்தான். ஏரியின் வாயைத் திறப்பதற்கும் மனு, மூடாமல் இருப்பதற்கும் மனு.

இந்தத் திட்டங்களில் எது தேவை, எது தேவையில்லை என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எந்தத் திட்டம் வந்தாலும் குப்பத்து ஜனம் அங்கே என்னவாக நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வயலுக்கு நடுவே ரோடு போட்டால், பட்டாதாரர் சொந்தக்காரராக நின்று நஷ்ட ஈடு பேசுகிறார், கோர்ட்டுக்குப் போகிறார். ஏரிக்கு நடுவே எது வந்தாலும் மீனவர் 'பாதிக்கப்பட்டவர்' என்ற பெயரில் நிற்கிறார். சொந்தக்காரருக்கு உரிமை, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம். நிவாரணம் என்பது அந்தப் பழைய யார்டு உப்பு மாதிரிதான். எடை போட்டுத் தருவார்கள், வேலிக்குள் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்கார ஆட்சி நம் சமூகத்துக்குச் செய்தவற்றில் இதுவே ஆழமானது என்பது என் கருத்து. கொண்டுபோன பணம் போனது போனதுதான். கோட்டையை அவனே இடித்தான், கால்வாய் தூர்ந்துவிட்டது. 'எழுதாத உரிமை உரிமையே அல்ல' என்று அவன் நம் அலுவலகங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அவன் போனபின் நடத்தி வருவது நாம். அதற்கு லண்டனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

மாற்ற முடியாதா? முடியும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் நம் பாடு மாதிரியே முறை வைத்து இறாலுக்கு வலை கட்டும் வழக்கம் உண்டு, கட்டுதெல் என்பார்கள். 1958-ல் அந்த வழக்கத்தையே அரசு விதிமுறையாக எழுதிச் சட்டமாக்கிவிட்டது. நம் நாட்டிலேயே 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமையும் உண்டு என்று எழுதியிருக்கிறது. 2011-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீன்பிடி இடங்களையும் மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. வழி இருக்கிறது, எழுதும் கைதான் வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். 1905 சட்டத்தின் இரண்டாவது பிரிவில் இருக்கும் வழக்காற்று உரிமை என்ற வார்த்தைக்கு ஒரு பதிவேடு போடுங்கள். எந்தக் குப்பம் ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுகிறது, வலை காயப்போடும் மணல் எது, இருளர் தடவும் சேறு எது, கரையேறும் துறை எது என்று குப்பத்தாரையும் இருளரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அது ஆறு மாத வேலை. பாட்டில் இடம் இல்லாதவர்களுக்கு என்ன பங்கு என்று பேச வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். பட்டா போல விற்க முடியாத உரிமையாக, ஊரின் பேரில் அது இருக்கட்டும்.

குலுக்கல் நடந்ததைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் இருக்கும் பதிவேட்டுக்கு நகல் கிடையாது. குப்பங்களில் உறவோ பழக்கமோ உள்ளவர்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்துக்கு என்ன பெயர், யார் முறை, என்ன விதி என்று கேட்டு, தேதி போட்டு எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி வையுங்கள். நாளைக்கு ஒரு தாசில்தாரோ நீதிபதியோ "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும்போது நீட்டுவதற்கு அதுவாவது இருக்கும்.